நீர்வழி கண்ட சர் ஆர்தர் காட்டன்

தோற்றுவாய்

மணிமுத்தாற்றின் கரையிலே அமைந்த விருத்தாசலம், பழமலை எனவும் திருமுதுகுன்றம் எனவும் பண்டையோரால் வழங்கப்பெற்ற மூதூர். கோயிலாற் புகழ்பெற்ற அவ்வூர் இக்காலத்தே பீங்கானாலும் பெயர்பெற்று விளங்குகின்றது. நெய்வேலியில் நிலக்கரியை மூடிக் கிடக்கும் வெண்களிமண் அண்மையிற் கிடைத்தலால் ஈண்டுச் சூளைகள் பல எழுந்தன. பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கல்விநிலையமும் அமைந்தது. அகல்விளக்கும் பொம்மையும் கோப்பையும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன.

யாம் பிறந்து வளர்ந்தது அவ்வூரே. எம் தந்தையார் சூளையொன்றிற் பொதிகட்டும் பணி செய்பவர். வைக்கோலைப் பரப்பி, அதன்மேற் கோப்பைகளை வரிசையாய் அடுக்கி, இடையிடையே காகிதம் செருகி, பெட்டியை மூடிக் கயிறிட்டு லாரியில் ஏற்றுதல் அவர்தம் நாட்பணி. எவ்வளவு செவ்வையாகக் கட்டினும், மேடுபள்ளமான சாலையில் நெடுந்தொலை சென்ற பொதியிற் சில உடைந்தே தீரும். உடைந்தவற்றின் கணக்கைத் தாங்கி வரும் கடிதத்தை அவர் வாய்திறவாது படிக்கும் காட்சி, எம் சிறுபருவ நினைவுகளுள் ஒன்று.

சென்ற ஆண்டு எம் கல்லூரி நூல்நிலையத்திலே ஆங்கில நாட்டு வாய்க்கால்களைப் பற்றிய நூலொன்றைப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. 18ஆம் நூற்றாண்டில் அந்நாட்டிலே பீங்கான் தொழிலிற் சிறந்து விளங்கிய ஜோசையா வெட்ஜ்வுட் என்பார்க்கும் எம் தந்தையாருடைய கவலையே இருந்ததென அந்நூலால் அறிந்தோம். பொதிக்குதிரைகளின் முதுகிலே கூடைகளில் ஏறிச் சேற்றுவழியிற் சென்ற அவருடைய கலங்கள் வழியிலே நொறுங்கின. ஆதலின் அவர், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறியறிஞரோடும் ஏனைய தொழிலதிபரோடும் கூடி, டிரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் வாய்க்காலொன்றை வெட்டுவிக்க முனைந்தார். 1766ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முதல் மண்ணை வெட்டியவர் அவரே. 1777இல் அப்பணி நிறைவெய்தியது. அதன் நீளம் ஏறத்தாழ 93 மைல். வெட்ஜ்வுட் தம் தொழிற்சாலையை அவ்வாய்க்காலின் கரையிலேயே அமைத்துக்கொண்டார். ஓடத்தில் ஏறிய கோப்பை, தொட்டிலில் உறங்கும் மகவுபோல அசைவின்றித் துறைமுகம் சென்றடைந்தது.

அதனைப் படித்த அன்றே, நம் நாட்டில் இங்ஙனம் எண்ணினார் எவரேனும் உளரோ என்னும் வினா எம் உள்ளத்தெழுந்தது. அதற்கு விடையாக வாய்த்தவரே சர் ஆர்தர் காட்டன். அணைகட்டியவர் என்னும் அளவிலே அவரைத் தமிழகம் அறியும். ஆயின் தண்ணீர் பயிரை வளர்ப்பதோடு நில்லாது பண்டங்களையும் சுமத்தல் வேண்டும் என்பதற்காக அவர் வாழ்நாளிற் பாதியைச் செலவிட்டு வாதாடியதையும், அவ்வாதத்தில் தோற்றதையும் அறிந்தார் சிலரே. அவருடைய வாழ்க்கையைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் பிறந்தார். செஷையர் நாட்டுப் பழங்குடியொன்றைச் சேர்ந்த ஹென்றி கால்வெலி காட்டன் என்பாரே இவர் தந்தையார். ஆண்மக்கள் பதினொருவருள் ஆர்தர் பத்தாமவர். மேலே கூறிய டிரென்ட்-மெர்சி வாய்க்கால் அச்செஷையர் நாட்டின் ஊடே செல்வது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இவர் சிறுவராயிருந்த காலம் ஆங்கில நாட்டிலே வாய்க்கால்களின் பொற்காலமாகும். நீராவி வண்டி மக்களை ஏற்றிக்கொண்டு ஸ்டாக்டன்-டார்லிங்டன் பாதையில் ஓடியது 1825இல்தான். அதற்கு முன்னர் நாட்டின் நிலக்கரியும் களிமண்ணும் தானியமும் பெரும்பாலும் நீர்வழியே சென்றன. அவ்வோடங்களின் வடிவம் விந்தையானது. அகலம் 7 அடிக்கும் குறைவு. நீளமோ 70 அடி வரையில். செலவைக் குறைக்கும் பொருட்டு வாய்க்காலின் நீர்ப்பூட்டுகளைக் குறுகலாகக் கட்டினமையின், ஓடங்களும் அவற்றிற்கேற்பக் குறுகி நீண்டன. கரையிலே ஒரு குதிரை கயிற்றைப் பூட்டிக்கொண்டு நடக்கும். பின்னே 25 டன் சுமையுடன் ஓடம் ஓசையின்றி வரும். நிலத்தில் வண்டியிழுக்கும் குதிரை அச்சுமையிற் சிறுபங்கையே இழுக்கவல்லது. குன்று குறுக்கிட்டால் அதனைக் குடைந்து சுரங்கம் அமைத்தனர். சுரங்கத்தினுள்ளே குதிரைக்கு வழியில்லாத இடங்களில், ஓடக்காரர் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்து உதைத்து ஓடத்தைச் செலுத்தினர். பின்னாளில் இருப்புப்பாதையின் போட்டியால் வருவாய் குன்றியபோது, கரையில் வீடின்றி ஓடத்தின் பின்புறச் சிற்றறையிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தாரும் பலர். அமைதியான அப்பயணத்தின் பின்னே இத்தகைய உழைப்பு மறைந்து கிடந்ததனை மறத்தலாகாது.

காட்டன் தமது 15ஆம் வயதிலே, கிழக்கிந்தியக் கும்பினியார் ஆடிஸ்கோம் என்னுமிடத்தில் நடத்திய படைத்துறைப் பள்ளியிற் சேர்ந்தார். 1819இல் சென்னைப் பொறியாளர் படைக்குத் தேர்வுபெற்றார். 1820இல் வேல்ஸ் நாட்டுப் பாங்கர் என்னும் ஊரில் நில அளவைப் பணியில் அமர்த்தப்பட்டார். அக்காலத்து அவ்வூரின் அருகேதான் தாமஸ் டெல்ஃபோர்டு என்னும் பொறியறிஞர் மேனாய் நீரிணையின்மேல் தொங்கு பாலம் அமைத்து வந்தார். டீ ஆற்றின்மேல் 126 அடி உயரத்தில் இரும்புத் தொட்டியிலே ஓடங்கள் மிதந்து செல்லுமாறு, 1805இல் திறக்கப்பெற்ற பான்ட்கிசில்டி நீர்ப்பாலத்தை ஆக்கியவரும் அவரே. இத்தகைய அருஞ்செயல்கள் சூழ்ந்த நாட்டிலே தம் முதற்பணியைத் தொடங்கிய காட்டன், 1821இல் தம் 18ஆம் வயதிற் சென்னை வந்து சேர்ந்தார்.

காவிரிக் கரையில்

சென்னை அரசாங்கத்தார் இவரை ஏரிகளைக் காக்கும் துறையில் அமர்த்தித் தென்னாட்டிற்கு அனுப்பினர். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஆகிய சீமைகளின் ஏரிகளையும் கால்களையும் இவர் நேரிற் கண்டார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் செல்லுதற்குரிய பாம்பன் வழியையும் அளந்து ஆராய்ந்தார். இடையே முதற் பர்மியப் போரிலும் பணிபுரிந்து மீண்டார். 1828 முதல் காவிரியைப் பற்றிய ஆராய்ச்சி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்துக் காவிரியின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாய்ப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தும் சரிவு மிகுந்தும் இருத்தலால் வெள்ளம் அதன் வழியே கடலை நோக்கி விரைந்தது. காவிரியோ ஆண்டுதோறும் வண்டல் ஏறி மேடிட்டது. தஞ்சை வயல்களுக்கு உரிய நீர் வரவரக் குறைந்தது. கொள்ளிடத்தின் தலைப்பிலே அணையிட்டு நீரைக் காவிரிக்குத் திருப்புதல் வேண்டும். ஆயின் அடிகாண முடியாத ஆற்றுமணலின்மேற் கட்டடம் நிற்குமோ? இதுவே பொறியாளரை மருட்டிய வினா.

அதற்கு விடைகூறியது கல்லணை. கரிகாற் பெருவளத்தான் பெயரோடு நம்மவர் போற்றும் அவ்வணையைக் காட்டன் நுணுகி ஆராய்ந்தார். பாறையைத் தேடிச் செல்லாது, பெருங்கற்களைக் களிமண்ணோடு மணலிலே இட்டு, அவை தாழ்ந்து தாழ்ந்து தாமே நிலைகொள்ளுமாறு விட்டு, அதன்மேற் கட்டிய முன்னோர் திறத்தை அவர் கண்டுணர்ந்தார். ஆழங்காணாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைத் தாம் இந்நாட்டுப் பண்டை மக்களிடமே கற்றதாகப் பின்னாளில் வெளிப்படையாக எழுதியும் வைத்தார். ஆளவந்த நாட்டினர் ஒருவர், ஆளப்பட்ட நாட்டினரைத் தம் ஆசிரியராக ஒப்புக்கொண்ட இப்பண்பு அவர் கட்டிய அணைகளினும் உயர்ந்ததென யாம் கருதுகின்றோம்.

1836இல் முக்கொம்பு மேலணையும், அணைக்கரையிலே கீழணையும் நிறைவெய்தின. கீழணையின் பயன் எம் மாவட்டத்திற்கே உரியது. அதிலிருந்து வடவாற்றின் வழியே செல்லும் நீர், சோழர் காலத்து வீராணம் ஏரியை நிரப்பிக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பகுதிகளை வளஞ்செய்கின்றது. 2004 முதல் சென்னை மாநகர்க்குக் குடிநீராகவும் செல்கின்றது. மேலணையோ ஏறத்தாழ 180 ஆண்டு வெள்ளத்தைத் தாங்கியது; 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதன் மதகுகள் ஒன்பது பெருவெள்ளத்திற் சரிந்தன; பின்னர் அதனருகே புதிய கதவணை எழுந்தது.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று வியப்பிற்குரியது. சென்னைக்குச் சாலைக்கல் கொணரும் பொருட்டுச் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக 1837இல் ஓடிய வண்டிப்பாதையே இந்தியாவின் முதல் இருப்புப்பாதை. அதனை அமைத்தவர் பிறர் அல்லர், காட்டனே. பின்னாளில் இருப்புப்பாதைக்கு எதிராக வாதாடியவர் அதனை அறியாது வாதாடினாரல்லர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

கோதாவரிக் கரையில்

கடும் உழைப்பால் உடல் நலிந்த காட்டன் ஓய்வு நாடி நெடுங்கடல் கடந்து சென்றார். 1841இல் எலிசபெத் லியர்மன்த் என்னும் நங்கையாரை மணந்தார். 1842இல் தாஸ்மேனியாவிலே பிறந்த இவர்தம் மகளாரே, பின்னர் லேடி ஹோப் எனப் பெயர்பெற்றுத் தந்தையாரின் வரலாற்றை 1900இல் எழுதி வெளியிட்டவர்.

இந்தியாவிற்கு மீண்டவர்க்குக் கோதாவரி காத்திருந்தது. 1833ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே குண்டூர்ச் சீமையும் அண்டைச் சீமைகளும் பாழாயின. 1839இல் கோரங்கிப் பக்கத்துக் கடற்கரையைப் புயலலை அழித்தது. இத்துன்பங்களின் இடையே, ஆண்டுதோறும் பெருவெள்ளமாய் வந்த கோதாவரி, ஒரு வயலையும் நனைக்காது கடலிற் கலந்தது. ஆற்றங்கரையிலேயே மக்கள் நீரின்றி மாண்டனர். 1844இல் காட்டன் தம் திட்டத்தை அரசாங்கத்தார்க்கு எழுதினார். அதற்கு ஆணை பிறந்து 1847இல் பணி தொடங்கியது.

தவளேசுவரத்திலே ஆறு திட்டுகளால் நான்காய்ப் பிரிந்து ஏறத்தாழ 4 மைல் அகலம் பரந்து கிடக்கின்றது. திட்டுகள் நீங்கலாக அணையின் நீளம் மட்டும் 2 மைலுக்கு மேல். காவிரியிற் கற்ற பாடமே ஈண்டும் கைகொடுத்தது. கல்லுடைத்தோரும் மண்சுமந்தோரும் தச்சரும் கொல்லருமாக ஆயிரக்கணக்கினர் உழைத்தனர். அவர்தம் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 1852இல் அணை நிறைவெய்தியது. பஞ்சத்திற்குப் பெயர்போன அந்நாடு சில ஆண்டுகளிலேயே நெற்களஞ்சியமாயிற்று. கும்பினியாரின் வரிவருவாயும் பெருகிற்று. அவ்வருவாயை எதிர்பார்த்தே அவர்கள் பணம் தந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் பயன்துய்த்த உழவர், தங்கள் பூசை வேளையிற் காட்டன் பெயரையும் சேர்த்து நினைப்பாராயினர் என்று அந்நாட்டார் சொல்லுவர். இன்றும் கோதாவரிக் கரையூர்களில் அவருருவச் சிலைகள் பலவற்றைக் காணலாம். 1982இல் நிறைவுற்ற புதிய அணைக்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றது.

அங்கு அவர் வெட்டுவித்தவை வெறும் பாசனக் கால்கள் அல்ல. பெருங்கால்களை ஓடஞ் செல்லும் அளவிற்கு அகலமும் ஆழமும் உடையனவாக அமைத்து, மட்டம் மாறும் இடந்தோறும் நீர்ப்பூட்டுகளைக் கட்டுவித்தார். மக்கள் லாக்கு என வழங்கும் அதன் அமைப்பு எளிது. முன்னும் பின்னும் கதவுடைய நீண்ட தொட்டி ஒன்று. கீழ்மட்டத்திலிருந்து வரும் ஓடம் உள்ளே புகுந்ததும் பின்கதவை அடைத்து, மேல்நீரை மெல்ல உள்ளே விடுவர். நீர் உயர உயர ஓடமும் உயரும். மட்டம் ஒத்தவுடன் முன்கதவைத் திறக்க, ஓடம் தன் வழியே செல்லும். இறங்குதற்கும் இம்முறையே. ஏற்றியிறக்கும் கூலியும் இல்லை. பொதிக்கு அதிர்ச்சியும் இல்லை. இவ்வாறு கோதாவரிக் கழிமுகத்தில் மட்டும் ஏறத்தாழ 500 மைல் நீர்வழி உண்டாயிற்று. நெல்லேற்றிய ஓடங்கள் காக்கிநாடாத் துறைக்கு வரிசை வரிசையாய்ச் சென்றன. செஷையர் நாட்டு வாய்க்காற் காட்சி தெலுங்கு நாட்டிலே எழுந்தது.

வாய்க்காலா? இருப்புப்பாதையா?

தமிழ் மாணவர்க்கு இவ்வாதம் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக் கழியிலே, உப்பை விற்று நெல்லைக் கொண்டு மீண்ட படகுகள் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. மேட்டுநிலத்து வழியே உப்பு வண்டி ஓட்டிய உமணர், அச்சு முறியும் என்றஞ்சிச் சேம அச்சொன்றை வண்டியின்கீழ்க் கட்டிச் சென்றதனைப் புறநானூற்றால் அறிகின்றோம். நீர்வழியின் எளிமையும் நிலவழியின் இடர்ப்பாடும் பண்டே நம்மவர் அறிந்தனவே.

1850ஆம் ஆண்டிற்குப் பின் ஆங்கில ஆட்சியினர் இந்தியாவெங்கும் இருப்புப்பாதை போட முனைந்தனர். பாதை போட்ட சங்கங்கள் இட்ட முதலுக்கு, இலாபம் வாராதுபோயினும் நூற்றுக்கு 5 வீதம் வட்டி தருவதாக அரசாங்கம் உறுதிகூறிற்று. அவ்வட்டி இந்தியர் செலுத்திய வரியிலிருந்தே சென்றது. காட்டன் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1854இல் இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி நூலொன்று எழுதினார். அவர்தம் வாதத்தின் சாரம் இதுவே. இந்தியாவிற் செல்லவேண்டிய பொருள்கள் நெல்லும் உப்பும் பருத்தியும் விறகும் போன்றவை. இவை ஒரு நாளிற் சென்றாலும் பத்து நாளிற் சென்றாலும் கெடுவன அல்ல. ஏழை நாட்டிற்கு வேண்டுவது விரைவன்று, மலிவு. நீர்வழியோ மலிவானது, அன்றியும் தான் செல்லும் வழியெல்லாம் பயிரையும் விளைவிப்பது. இருப்புப்பாதை விளைந்ததைச் சுமக்குமேயன்றி விளைவிக்காது. ஆகவே நாட்டின் பேராறுகளை வாய்க்கால்களால் இணைத்து, ஒரு கோடியினின்று மறுகோடிக்கு ஓடஞ் செல்லுமாறு செய்தல் வேண்டும் என்பது அவர் துணிபு.

1860இல் பணியினின்று ஓய்வுபெற்றார். 1861இல் சர் பட்டம் பெற்றார். அவர் வாதம் முற்றிலும் செவிடர் காதிற் படவில்லை. சென்னைப் பாசன வாய்க்கால் சங்கம் என்றொன்று எழுந்து, துங்கபத்திரையிலிருந்து கர்நூல், கடப்பைச் சீமைகளின் வழியே ஏறத்தாழ 190 மைல் நீளத்தில் பெருங்கால் ஒன்றை வெட்டிற்று. ஓடமும் பாசனமும் ஒருங்கே நடைபெறும் என்பது எதிர்பார்ப்பு.

ஈண்டே அவர்க்குத் தோல்வி காத்திருந்தது. கரிசல் நிலத்திலே மழையை நம்பிப் புன்செய்ப் பயிரிட்டு வந்த உழவர், தீர்வை கொடுத்து வாய்க்கால் நீரை வாங்க முன்வரவில்லை. செலவு மதிப்பிட்டதை மிஞ்சிற்று. சங்கம் நொடித்தது, 1882இல் அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஒரிசாவிலும் ஏறக்குறைய இந்நிலையே. நடுநின்று நோக்குவார்க்குக் காட்டன் கருதாதுவிட்ட இடர்கள் சில புலப்படும். வயலுக்கு நீர் வேண்டுங்காலத்துக் கால் ஓடவேண்டும். ஓடத்திற்கோ நீர் நின்ற மட்டத்தில் இருத்தல் வேண்டும். கோடையிற் பழுதுபார்க்கக் காலை அடைத்தால் ஓடம் தரைதட்டும். கோதாவரி வண்டல்நிலத்தில் வென்றது கர்நூல் மேட்டுநிலத்திலும் வெல்லும் என்று அவர் நம்பியது அளவுகடந்த நம்பிக்கையே. பெரியோரிடத்தும் குறை காணப்படுமாயின் அதனை மறையாது கூறுதலே வரலாற்றிற்கு அழகு.

பஞ்சமும் வழக்கும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாதுவருடப் பஞ்சம் வாட்டியது. இந்தியாவில் 50 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதில் மாண்டனர் என்பர். இருப்புப்பாதை இருந்தது, தானியமும் அதன் வழியே வந்தது. ஆயின் வேலையும் கூலியும் இழந்த ஏழைக்கு ஏறிய விலையில் அதனை வாங்கும் ஆற்றல் இல்லை. பாதை எட்டாத உள்நாட்டிலோ, வண்டி மாடுகளும் தீவனமின்றி மடிந்தன. அணைநீர் பாய்ந்த தஞ்சையும் கோதாவரியும் இக்கொடுமையிற் பெரிதும் தப்பி நின்றதோடு, பிறர்க்கும் நெல் அளித்தன.

1878இல் இலண்டன் மாநகரிலே பாராளுமன்றக் குழுவொன்று இந்தியப் பொதுப்பணிகளை ஆராய்ந்தது. 75 வயது முதியவராகிய காட்டன் அதன்முன் நின்று, தாம் 25 ஆண்டாகக் கூறிவந்ததையே மீண்டும் கூறினார். குழுவினர் அவரைக் கடுமையாக வினவினர். கர்நூல் வாய்க்காலின் நட்டம் அவர்க்கு எதிராகச் சுட்டிக்காட்டப்பட்டது. நாடெங்கும் நீர்வழி அமைக்கும் அவர் திட்டத்தை அவர்கள் ஏற்றிலர். ஆயினும் 1880இல் வெளிவந்த பஞ்சக் குழுவின் அறிக்கை, பாசனப் பணிகளின் இன்றியமையாமையை வற்புறுத்தியது. இருப்புப்பாதையைப் பற்றிய வாதத்தில் தோற்றவர், நீரைப் பற்றிய வாதத்தில் ஒரு பாதியேனும் வென்றார் எனலாம்.

அப்பஞ்சக் காலத்தே தமிழகத்தில் நீர்வழிப் பணியொன்றும் நிறைவேறியது. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பெற்ற உப்புநீர்க் கால், படிப்படியாக வடக்கே கிருஷ்ணைப் பக்கம் வரையிலும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. 1877-78இல் பசித்தவர்க்குக் கூலி தரும் பொருட்டு, சென்னை நகரினுள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டுவித்தனர். அப்போதைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. கோதாவரி, கிருஷ்ணைக் கால்களோடு இணைந்தமையின், காக்கிநாடாவிற் புறப்பட்ட ஓடம் கடலிற் புகாமலே எம் பழைய தென்னார்க்காட்டுச் சீமையின் மரக்காணம் வரையில் வரலாயிற்று. விறகும் உப்பும் நெல்லும் அவ்வழியே சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தபோது பாய் விரித்தனர். வாயாதபோது கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். அக்கால்வாயில் நண்பரோடு ஓடமேறி மாமல்லபுரம் சென்றதைப் பாரதிதாசன் பாடியுள்ளமையைத் தமிழ் மாணவர் அறிவர்.

இறுதிக் காலம்

தோல்வியால் காட்டன் துவண்டாரல்லர். சரே நாட்டு டார்க்கிங் என்னும் ஊரில் தங்கி, நிலத்தை ஆழக் கிளறிக் கோதுமை விளைவைப் பெருக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 90 வயதைக் கடந்தும் மண்வெட்டியும் கணக்கேடும் அவர் கையை விட்டகலவில்லை. கடவுட்பற்று மிகுந்தவர், தம் பணியை இறைவன் இட்ட ஏவலாகவே கருதினார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தமது 96ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் மறைவிற்குப் பின் காலம் பல மாறுதல்களைக் கண்டது. இருப்புப்பாதையும் மோட்டார் வண்டியும் வென்றன. பக்கிங்காம் கால்வாய் 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களாற் சிதைந்தது. சென்னை நகரில் அது கழிவுநீர் ஓடையாயிற்று. காக்கிநாடா-புதுச்சேரிக் கால்களையும் அவற்றோடு கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளின் பகுதிகளையும் 4ஆம் தேசிய நீர்வழியாக 2008இல் இந்திய அரசாங்கம் அறிவித்தது. பழைய ஓடப்போக்குவரத்தோ மீண்டிலது.

ஆங்கில நாட்டிலும் வாய்க்கால்கள் ஒரு காலத்தே தூர்ந்து கிடந்தன. 1944இல் எல். டி. சி. ரோல்ட் என்பவர் குறுகிய ஓடத்தில் மனைவியோடு உலவிய அனுபவத்தை நூலாக எழுத, அதனைப் படித்தோர் உள்ளம் திரும்பியது. 1946இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்கும் சங்கம் தோன்றியது. தொண்டர் பலர் சேற்றில் இறங்கிப் பூட்டுகளைச் செப்பனிட்டனர். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 2000 மைல் நீர்வழி பொது அறக்கட்டளையொன்றின் காவலில் உள்ளது. வெட்ஜ்வுட்டின் கலங்கள் சென்ற வழியிலே, விடுமுறைக் குடும்பங்கள் மணிக்கு 4 மைலுக்கு மேற்படாத வேகத்திற் செல்கின்றன. கரையில் நடப்பவர் ஓடத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே உடன்செல்லலாம். பிழைப்பிற்காக விரைய இயலாதிருந்த ஓடம், இன்று விரைய விரும்பாதார்க்கு இன்பமாயிற்று.

முடிவுரை

சென்ற விடுமுறையில் இவ்வரலாற்றை எம் தந்தையார்க்குக் கூறினோம். வெட்ஜ்வுட்டின் ஓடத்தைப் பற்றிக் கேட்டவுடன், அது துறைமுகம் சேர எத்தனை நாட் செல்லும் என்று அவர் வினவவில்லை. எத்தனை உடையும் என்றே வினவினார். காட்டன் தம் வாழ்நாளெல்லாம் ஆட்சியாளரை வினவியதும் அஃதே என அப்போதுதான் எமக்குப் புலப்பட்டது. எவ்வளவு விரைவிற் சேரும் என்பதற்கு முன்னர், எவ்வளவு முழுமையாகச் சேரும், யார் செலவிற் சேரும், வழியிலுள்ளார்க்கு என்ன பயன் என்பனவற்றைக் கேட்கவேண்டும் என்றார் அவர். விடையிற் பிழைத்திருக்கலாம், வினாவிற் பிழைத்தாரல்லர்.

பின்னர்த் தந்தையார் மற்றொன்றும் கேட்டார்: நம் மணிமுத்தாற்றில் அதற்கு நீர் ஏது? ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றின் கரையில் நின்று கேட்ட அக்கேள்விக்கு எம்மால் விடைகூற இயலவில்லை. இருப்புப்பாதைச் சந்திப்பாகிய எம் ஊரினின்று புகைவண்டியேறியே யாம் கல்லூரிக்கு மீண்டோம். அவ்வண்டியை வெறுத்தோம் அல்லோம். அதுவன்றி எமக்குக் கல்வியும் இல்லை. ஆயினும் கொள்ளிடப் பாலத்தின்மேல் வண்டி கடக்கும்போதெல்லாம், கீழே பரந்த மணலை நோக்கி, இதன்மேல் அணை நிற்கும் என்று 25 ஆண்டு இளைஞர் ஒருவர் துணிந்ததனை எண்ணாதிருத்தல் இயலவில்லை.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை பொறியாளராகவும் அலுவலராகவும் ஆசிரியராகவும் நாட்டிற்குத் தொண்டு செய்யப் புகுவர். அவர்கள் முன்னோர் பணியைக் கற்கும் பணிவையும், ஏழையின் பொதியை எண்ணிப்பார்க்கும் இரக்கத்தையும், தோற்றபின்னும் உழைக்கும் உறுதியையும் காட்டனிடம் கற்பாராக. அவர் குறையையும் அறிந்து, நிலத்தையும் நீரையும் உழவரையும் முன்னரே கேட்டுத் துணிவாராக. மெல்லச் செல்லும் நீர் பின்தங்கிய நீர் அன்று. அது செல்லுமிடமெல்லாம் ஏதேனும் ஒன்றை வளர்த்துக்கொண்டே செல்கின்றது.